உற்றவனைக் கேளுங்கள்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் என்பு முறிவைப் பற்றி எழுதப் புகுந்தால், "இலக்கணஞ் சொல்லிக் கொடுப்பவனுக்கு இடுப்பெலும்பில் என்ன வேலை?" என்று அன்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வைத்தியம் இன்னதென்று உரைக்க எனக்கு அருகதை இல்லை. ஆனால் வைத்திய உலகிலே இன்று நிகழும் விவகாரம் ஒன்று, கத்தியைப் பற்றியதுமன்று, கட்டைப் பற்றியதுமன்று. நோயாளியை எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, அவன் இறுக்கும் விடையை எத்துணை நம்புவது என்பதே அங்குப் பிணக்கு. வினாவும் விடையும் தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழாசிரியன் கைப்பொருள் அல்லவா? செப்பையும் வினாவையும் வழுவாமற் காக்கும்படி கிளவியாக்கத்தில் விதி வகுத்த மரபிலே வந்தவன், அவ்விரண்டும் நோயாளியின் கட்டிலருகே படும் பாட்டைக் கண்டு வாளா இருத்தல் கூடாது என எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

விவகாரம் இதுதான். தொடை என்பு முறிந்தோர், இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றப் பெற்றோர், முள்ளந்தண்டு தேய்ந்தோர் ஆகியவர்கள் சிகிச்சையின் பின் எழுந்து நடக்கத் தொடங்குங் காலத்தில் மீண்டும் விழுகின்றனர். முதல் முறிவு ஆறுமுன்னே இரண்டாம் முறிவு நேர்வதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர்; வைத்தியரை நாடவேண்டிய அளவுக்குக் கடுமையான விழுகைகள் 3 கோடியே 73 இலட்சம். இவ்விறப்புக்களில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளிலே நிகழ்வன. 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் ஆண்டிலே ஒருமுறையேனும் விழுகின்றார் என்பர். எமது இலங்கையோ விரைவாக முதுமை எய்தும் நாடு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயது கடந்தோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேலாயினர்.

ஆகவே, எவர் விழக்கூடியவர் என்பதை முற்கூட்டி அறிதல் வேண்டும். அதற்கு இருவழிகள் உள. ஒன்று, பிறர் பார்த்து மதிப்பிடுவது. 1989ஆம் ஆண்டில் மோர்ஸ் என்னும் அம்மையார் வகுத்த அளவை அத்தகையது. இன்றும் உலகெங்கும் வைத்தியசாலை விடுதிகளிலே வழங்குவது. ஆறு தலைப்புக்கள். முன்பு விழுந்தவருக்கு 25 புள்ளி; நாளத்திலே மருந்து ஏறிக்கொண்டிருந்தால் 20; கதிரை, மேசை முதலியவற்றைப் பற்றிப் பற்றி நடப்பவருக்கு 30. இவ்வாறு கூட்டினால் 125 வரையிற் போகும். தாதி தாளிலே குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் செல்வார். 1991இல் வந்த மற்றொரு சோதனையிலே, நோயாளியைக் கதிரையில் இருந்து எழச்செய்து, மூன்று மீற்றர் நடத்தி, திருப்பி, மறுபடி இருத்தி, சென்ற நேரத்தைக் கணக்கிடுவர். இரண்டும் பயனுடையனவே, குறைகூறவில்லை. ஆயினும், இவற்றிலே நோயாளியின் வாய்க்கு வேலை மிகக் குறைவு.

மற்றைய வழி, நோயாளியையே கேட்பது. 1990இல் மேரி ரினெற்றி என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடன் உழைத்தோரும், "இன்ன இன்ன வேலையை விழாமற் செய்யலாம் என்ற நம்பிக்கை உமக்கு எவ்வளவு?" என்று முதியோரைக் கேட்கும் அளவை ஒன்றை வெளியிட்டனர். ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் அதனைத் தழுவி 2005இல் 16 வினாக்கள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை அமைத்தனர். கவலையே இல்லை என்பவருக்கு 1, மிகுந்த கவலை என்பவருக்கு 4. ஆக, 16 முதல் 64 வரை. இங்கிலாந்திலே ஒக்ஸ்போட் அறிஞர் இடுப்பு மூட்டுக்கு 1996இலும் முழங்காலுக்கு 1998இலும் தனித்தனியே 12 வினாக்கள் வகுத்தனர். 2009 ஏப்ரல் முதல் அந்நாட்டு அரசாங்க வைத்தியசேவை, மூட்டு மாற்றுவோர் எல்லோரிடமும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இத்தகைய வினாக்களைக் கேட்டுப் பதியும் ஏற்பாட்டைத் தொடங்கியது. சத்திரசிகிச்சையால் விளைந்த நன்மையை அளப்பதே அவற்றின் நோக்கம், விழுகையை முன்னறிவதன்று. ஆனாற் பாருங்கள்: முழங்கால் வினாக்களுள் ஒன்று, கால் திடீரென மடங்கி உம்மைக் கைவிட்டுவிடும் போலத் தோன்றியதுண்டா என்பது. இதைவிட நேரான முன்னறிவிப்பு வேறென்ன வேண்டும்? ஒரு பயன் கருதிக் கேட்ட வினாவின் விடை மற்றொரு பயனையும் தருகின்றது. அதனாலேதான், மூட்டுநோயாளர் தாமே நிரப்பிக் கொடுத்த இத்தாள்களைக் கொண்டு விழும் ஆபத்தையும் கணிக்கலாமா என்று அமெரிக்காவிலும் பிறநாடுகளிலும் அண்மைக் காலத்தே ஆராய்கின்றனர்.

இவ்வழிக்கு ஆங்கிலத்தில் நீண்டதொரு பெயருண்டு. அதனை மொழிபெயர்க்கச் சிலர் இடர்ப்படுவதைக் கண்டேன். இடர்ப்பட வேண்டியதில்லை, பெயர் எம்மிடம் ஏலவே உண்டு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வைத்தியத்தின் கூறுகள் நான்கு என எண்ணினார். நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன் என்பது அவர் வைத்த முறை. நால்வகையுள் நோயாளியை முதலிலே நிறுத்தியதோடு, அவனுக்கு அவர் இட்ட பெயர் 'உற்றவன்'. நோயைத் தானே அநுபவித்தவன் என்பது பொருள். இனி, பவணந்தி முனிவர் நன்னூலிலே விடை எண்வகைப்படும் எனக் கூறி, அவற்றுள் ஒன்றை 'உற்றதுரைத்தல்' என்றும், மற்றொன்றை 'உறுவது கூறல்' என்றும் வகுத்தார். தனக்கு நேர்ந்ததைச் சொல்வது முன்னது. நேரப்போவதைச் சொல்வது பின்னது. வகுப்பிலே இவற்றுக்கு ஆசிரியர் காட்டும் உதாரணங்களை மாணவர் அறிவர். ஆடுவாயா என்றால், கால் வலித்தது என்பது ஒன்று. கால் வலிக்கும் என்பது மற்றொன்று. என்பு முறிந்தவனிடம் இன்றைய அறிஞர் கேட்டறிய விரும்புவனவும் இவ்விரண்டே. முன்பு விழுந்தீரா என்பதற்கு வருவது உற்றதுரைத்தல். விழுவோம் என அஞ்சுகிறீரா என்பதற்கு வருவது உறுவது கூறல்.

பெயர்ப்பொருத்தம் காட்டி மகிழ்வதற்காக இதனைக் கூறினேன் அல்லேன். நன்னூலார் வகுத்த எட்டினுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றே நேரான விடைகள். ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் எஞ்சிய ஐந்தும் சுற்றி வளைந்து பொருள் தருவன. எனினும் விடையாகவே கொள்ளப்படுவன. வைத்தியசாலைத் தாளிலோ 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்களே உண்டு; மிஞ்சினால் நான்கு. மன்னார்த் தீவிலே பேசாலையிலோ தலைமன்னாரிலோ பள்ளிமுனையிலோ உள்ள ஒரு மூதாட்டி அவ்விரு கட்டங்களுக்குள் அடங்கி விடை சொல்வாரா? தொடை முறிந்து ஆறிய எம் அயலவரான ஆச்சி ஒருவரைப் பேத்தி கேட்க, அருகே இருந்து யான் செவியுற்றவற்றைச் சொல்கிறேன்.

"ஆச்சி, கிணத்தில தண்ணி அள்ளுவீங்களோ?" என்றதற்கு, "முத்தம் கூட்டுவன்" என்றார். இது இனமொழி. முற்றம் கூட்டுவேன், தண்ணீர் அள்ளேன் என்பதே கருத்து. "விழுந்திடுவம் எண்டு பயமோ?" என்றதற்கு, "ஆருக்குத்தான் பயமில்லை?" என்றார். இது வினா எதிர் வினாதல். "இராவில வெளிய போக எழும்பிறனீங்களோ?" என்றதற்கு, "அந்த விறாந்தை லைற்றைக் கொப்பரைக் கொண்டு போடச் சொல்லு" என்றார். இது ஏவல். எழுகின்றார், இருளிலே நடக்கின்றார், விளக்குப் பழுதாயிருக்கின்றது என்னும் மூன்று செய்திகள் அவ்வொரு விடையிலே கிடக்கின்றன. தாளை வைத்திருப்பவர் எந்தக் கட்டத்திலே புள்ளடி இடுவார்? பெரும்பாலும் 'இல்லை' என்பதில் இடுவார். அல்லது வெறுமையாக விடுவார். மறைமொழியன்றி வேறொன்றும் அவர் காதில் விழவில்லையே.

எல்லாவற்றினும் கடினமானது 'விழுந்தீர்களா?' என்னும் வினாவே. அதனை மிக எளிது என எல்லோரும் நினைக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் விழுகைக்கு இலக்கணம் கூறும்போது, ஒருவர் தம் கருத்தின்றியே நிலத்திலோ தளத்திலோ தாழ்ந்த வேறோர் இடத்திலோ வந்து தங்கும் நிகழ்ச்சி என்கின்றது. அடிபட வேண்டும் என்பதில்லை. குப்புற விழவேண்டும் என்பதுமில்லை. எம் மக்கள் வழக்கோ வேறு. "விழவில்லைப் பிள்ளை. கால் தடக்கினது. சுவரைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல நிலத்தில இருந்திட்டன்" என்பார்கள். உலக இலக்கணப்படி அது விழுகை. அவர்கள் நாவிலே அஃது இருத்தல். பொய் சொல்கிறார்கள் என்பது தவறு. தமிழிலே 'விழுதல்' என்ற சொல் உடம்புக்கு மட்டும் உரியதன்று. குடும்பம் விழும், மானம் விழும், ஆள் விழுந்தான் என்றால் இனி எழான் என்பது வரைக்கும் அது பொருள் கொள்ளும். அத்தகைய சொல்லைத் தம்மேல் ஏற்றிக் கூற எந்த முதியவர் உடன்படுவார்?

ஆனால் தமிழுக்கு வேறு சொற்கள் உள. வழுக்குதல், சறுக்குதல், தடக்குதல், இடறுதல், சாய்தல், தலைசுற்றிச் சரிதல், கால் மடங்கிப் போதல் என அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தை வயிற்றிற் கொண்டிருக்கின்றன. வழுக்கினேன் என்பவருக்குத் தளத்திலே ஈரம் அல்லது பாசி. தடக்கினேன் என்பவருக்குக் கால் போதிய அளவு உயரவில்லை; அல்லது வாசற்படி உயரம், அல்லது கண் மங்கல். எழும்பியவுடன் தலைசுற்றிச் சரிந்தேன் என்பவருக்கு இரத்த அமுக்கம் தாழ்ந்திருக்கலாம். உறக்கத்துக்கோ அமுக்கத்துக்கோ கொடுத்த குளிசையே காரணமாதலுங் கூடும். கால் மடங்கிப் போனது என்பவருக்கு மூட்டோ தொடைத்தசையோ வலுவிழந்தது. நால்வருக்கும் மருந்து வேறு. ஒருவருக்கு மண்வெட்டியாற் பாசி சுரண்டுதல், ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருவருக்கு மாத்திரையைக் குறைத்தல், ஒருவருக்குத் தேகப்பயிற்சி. 'விழுந்தார்: ஆம்' என்று எழுதிய தாளிலே இந்நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. நோயாளி ஆண்ட வினைச்சொல்லை அப்படியே குறித்திருந்தால், வைத்தியருக்கு அதுவே பாதி நோய்நாடலாகும். சொல்லாராய்ச்சி சோறு போடாது என்று எம்மைப் பரிகசிப்போர் இவ்விடத்தைச் சற்றே கவனிக்க.

இனி, 16 வினாக்களின் செய்தி. அவை நல்லோர் பலர் கூடி ஆராய்ந்து அமைத்தவை. அவற்றின் பொதுமையை மறுப்பாரில்லை. எனினும் அவற்றிலே படிக்கட்டு ஏறுதல் உண்டு. சரிவான பாதையில் ஏறியிறங்குதல் உண்டு. தொலைபேசி மணி ஓயுமுன் சென்று எடுத்தல் உண்டு. மன்னார்த் தீவோ உள்ளங்கை போலத் தட்டையான நிலம். சரிவு எங்கே என்று தேடிப் போக வேண்டும். மாடி வீடு பட்டினத்துக்கு வெளியே அருமை. தொலைபேசியோ இப்போது ஆச்சியின் மடியிலேயே இருக்கின்றது. இவற்றுக்கெல்லாம் 'கவலை இல்லை' என்றே எம் முதியோர் விடையிறுப்பர். மொத்தப் புள்ளி தாழும். ஆபத்தற்றவர் எனத் தாள் சொல்லும்.

எம் நிலத்தின் ஆபத்துக்கள் வேறு. கணுக்கால் புதையும் மணல் ஒன்று. சீமெந்துத் தளத்திலே மூன்று மீற்றரை விரைவாக நடந்து காட்டியவர், தம் வீட்டுப் படலையிலிருந்து தெருவரைக்கும் மணலிலே நடக்கையிற் பொல்லு முதலிற் புதையும். பின்பு கால் புதையும். கிணற்றடி இன்னொன்று. வாளியை இழுக்கும்போது இரு கைகளும் கயிற்றிலே இருக்கும், உடல் முன்னே சாயும், காலடியில் ஈரம். பாயிலிருந்து எழுதல், குந்தியிருந்து எழுதல், பஸ் வண்டியின் உயர்ந்த மிதிபலகையிலே நடத்துனர் விசில் ஊதுமுன் ஏறுதல், தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் அலையடிக்கும் நேரத்தில் வள்ளத்தினின்று நீரில் இறங்குதல் ஆகிய இவையன்றோ எம்மவர் வாழ்க்கை! இரவிலே மன்னார்ப் பட்டினத் தெருவில் வெளிச்சமில்லாத இடத்திற் படுத்துறங்கும் கழுதைகளைப் பற்றி எந்த ஐரோப்பியர் வினா எழுதுவார்? நகைக்க வேண்டா, அவற்றில் இடறியோர் கதை ஊருக்கு ஒன்று உண்டு.

ஒக்ஸ்போட் முழங்கால் வினாக்களுள் மற்றொன்று மட்டும் எமக்காகவே எழுதப்பட்டது போல இருக்கின்றது. முழந்தாளிட்டு மீண்டும் எழ முடிந்ததா என்பது அவ்வினா. கோவிலிலே முழந்தாளிடும் கத்தோலிக்கரும், எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் நாள்தோறும் ஐவேளை நெற்றி நிலத்திற் படத் தொழும் முஸ்லிம்களும் நிறைந்த மாவட்டம் இது. திருக்கேதீச்சரத்துப் பாலாவியிலே ஈரப்படி இறங்குவோரும், மடுவிலே ஆவணித் திருநாட் கூட்டத்தில் நெருக்குண்போரும் உளர். முழங்கால் மாற்றிய ஒருவர் இவ்வினாவுக்கு 'முடியவில்லை' என்று விடை சொன்னால், அது மூட்டைப் பற்றிய செய்தி. 'முடியாதுதான், ஆனாலும் செய்கிறேன்' என்று சொன்னால், அது விழப்போகும் இடமும் வேளையும் பற்றிய செய்தி. முதியோர் பலர் இரண்டாவது விடையையே மனத்தில் வைத்திருக்கின்றனர். கேட்பார் முதலாவதோடு நின்றுவிடுகின்றனர்.

பெருஞ் சத்திரசிகிச்சைக்காக எம்மவர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய் வருகின்றனர். கத்தி பிடித்த நிபுணர் அவர்களுடைய வீட்டைக் காண்பதில்லை. காண இயலவும் இயலாது. கிணற்றையும் மணலையும் விறாந்தையையும் அறிந்த சாட்சி நோயாளி ஒருவரே. அச்சாட்சியை விசாரியாமல் வழக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை அறிவேன். வைத்தியரான நண்பர் ஒருவர் என்னிடம், "பண்டிதரையா, நோயாளி சொல்வதை நம்பி எப்படி முடிவு செய்வது? பயந்தவர் எல்லாவற்றுக்கும் பயம் என்பார். வீரம் பேசுபவர் ஒன்றுக்கும் பயமில்லை என்று சொல்லி மறுநாள் விழுவார்" என்றார். அவர் சொன்னது வீண்பேச்சன்று. அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரில் 70 முதல் 90 வயது வரையுள்ள 500 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதனையே காட்டிற்று. உடல்நிலையால் ஆபத்துக் குறைந்திருந்தும் மிக அஞ்சியோர் பத்திலொருவர் அளவினர். ஆபத்து மிகுந்திருந்தும் அஞ்சாதோர் ஐந்திலொருவர் அளவினர். ஆயினும் அவ்வாராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. பின்னர் எவர் விழுந்தார் எனப் பார்த்தபோது, உடலின் ஆபத்தும் மனத்தின் அச்சமும் தனித்தனியே அதற்குக் காரணமாயிருந்தமை வெளிப்பட்டது. அஃதாவது, அச்சமே விழச் செய்யும் ஒரு பொருள். அஞ்சியவர் நடையைக் குறைப்பார். நடை குறையத் தசை மெலியும். தசை மெலிய நிலை தளரும். ஆகவே நோயாளியின் விடையை எலும்பின் அளவுகோலாகக் கொள்ளாமல், எலும்பை அளந்தபின்னும் அளக்கவேண்டிய வேறொன்றின் அளவுகோலாகக் கொள்க. நண்பர் இதனை ஓரளவே ஒப்புக்கொண்டார். மேலும் வாதிக்க எண்ணியிருக்கின்றேன்.

வேறொரு புறத்தாரும் உளர். புள்ளி கிடைத்துவிட்டால் அதனையே தெய்வ வாக்காகக் கொள்வோர் அவர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டு நிறுவனம் 2013இல், வைத்தியசாலையில் தங்கியுள்ளோர் விழுவரா என முன்னுரைக்கப் புள்ளியிடும் அளவைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்திற்று. முதியோர் எல்லோரையும் ஆபத்துடையோராகவே கொண்டு, ஒவ்வொருவருக்கும் காரணத்தைத் தேடுக என்பது அதன் கருத்து. இது நோயாளியைக் கேட்பதற்கு எதிரான தீர்ப்பன்று. கேட்டதை ஓர் எண்ணாகச் சுருக்கி அப்பாற் போய்விடுவதற்கு எதிரான தீர்ப்பு. காரணம் தேடப் புகுந்தால் நோயாளியின் வாய்மொழியை அன்றி எங்கே தொடங்குவது?

உற்றவன் பேசாதிருப்பதற்கும் காரணங்கள் உள. மீனவர் ஒருவர் விழுந்ததைச் சொன்னால், நாளை சம்மாட்டியார் வள்ளத்தில் ஏற்றமாட்டார். விதவைத் தாய் ஒருவர் சொன்னால், வெளிநாட்டிலுள்ள மகன் தொலைபேசியிலே, "அம்மா, இனித் தனிய இருக்கவேண்டாம்" என்பான். வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டு மூலையிலே கிடக்க வேண்டி வரும். ஆகவே, "ஒண்டுமில்லைத் தம்பி" என்று சொல்லிவிடுகின்றார். அதனினும் பெருங்கேடு, கட்டிலருகே நிற்கும் பிள்ளையைக் கேட்பது. கேள்வி தந்தைக்கு; விடை மகனிடமிருந்து. "அப்பா நல்லா நடக்கிறார் டொக்டர்" என்பான் அவன். அவன் காண்பது பகலில் விறாந்தை நடை. இரவில் மலசலகூடம் போகும் நடையை அவன் கண்டதில்லை. உற்றவனுக்குப் பதில் உழைச்செல்வோன் உரைத்தல் வள்ளுவர் வகுத்த முறையன்று.

போர் இம்மாவட்டத்தில் விட்டுச்சென்ற ஒரு கூட்டத்தாரையும் இங்கு நினைக்க வேண்டும். கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்து, ஜெய்ப்பூர்க் காலோ வேறு செயற்கைக் காலோ பூண்டு, 2009இன் பின் வயலுக்கும் கடலுக்கும் திரும்பியவர் பலர். அன்று இளையோராயிருந்தவர் இன்று நடுவயதைக் கடக்கின்றனர். கனடாவிலே காலிழந்தோரைக் கேட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் விழுந்தோர் பாதிக்கு மேல். விழுவோம் என அஞ்சுவோர் ஏறத்தாழப் பாதி. அங்கே பனியும் நடைபாதையும். இங்கே மணலும் வரப்பும். முதியோருக்கே விழுகை என்னும் எண்ணத்தால் இவர்களை எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் சொல்லுவார்கள். சொந்தக் காலின் குறையை மறைப்பவரும் செயற்கைக் காலின் குறையைச் சொல்ல நாணமாட்டார். காலைச் செய்தவன் தலையிலே பழியைப் போட்டுவிடலாமே!

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பணிபுரிய வரும் வைத்தியருள் சிங்களம் பேசுவோர் பலர். அவர்களுள் தமிழ் பயின்று நோயாளியோடு பரிவாக உரையாடுவோரைக் கண்டு மகிழ்ந்திருக்கின்றேன். இயலாதவருக்கு அச்சிட்ட தமிழ் வினாத்தாளே துணை. அத்தாளை யார் எழுதுவது? ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் கையிற் கொடுத்தால், 'சமனற்ற மேற்பரப்பின் மீது நடத்தல்' என்று எழுதுவர். பண்டிதர் கையிற் கொடுத்தால் இன்னும் விசேடம். நோயாளிக்கு உரையாசிரியர் ஒருவரையும் உடன் அனுப்ப வேண்டும். 'மேடுபள்ளத்திலயும் மணலிலயும் நடக்கேக்க விழுந்திடுவன் எண்ட யோசனை இருக்குதோ?' என்று எழுதினாற் போதும். செந்தமிழுக்கு இழுக்கு வந்துவிடுமே என்று கலங்குவோர் கலங்கட்டும். செந்தமிழுக்குக் காப்பியங்கள் இருக்கின்றன. மொழிபெயர்த்த வினாவை மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பித்து ஒப்பிடுவதும், பின்பு நோயாளர் சிலரிடம் கேட்டு அவர்கள் என்ன விளங்கிக்கொண்டனர் எனச் சோதிப்பதும் வைத்திய ஆராய்ச்சியாளரின் வழக்கம். நல்ல வழக்கம். அச்சோதனையை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ செய்துவிட்டு மன்னாருக்கும் அதுவே போதும் என்று இருத்தல் ஆகாது.

கேட்டபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் யாரும் எண்ண வேண்டா. நிலைதளராமைக்கும் கால்வலுவுக்கும் உரிய தேகப்பயிற்சி, வீட்டில் வாழும் முதியோரின் விழுகையை நூற்றுக்கு 23 அளவு குறைக்கின்றது என்று, நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் திரட்டி 2019இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. அதற்குக் கதிரை ஒன்றும், பிடித்துக்கொள்ள ஒரு மேசை விளிம்பும், சொல்லித் தர ஒருவரும் இருந்தாற் போதும். கிணற்றடியிலே கைப்பிடிக்கு ஒரு குழாய் நாட்டுதல், படுக்கைக்கும் மலசலகூடத்துக்கும் இடையே ஒரு மின்குமிழ் போடுதல் என்பன மேசன் ஒருவனின் அரைநாள் வேலை. ஆனால் எந்த வீட்டிலே குழாய், எந்த வீட்டிலே குமிழ் என்பது, "முத்தம் கூட்டுவன்" என்ற விடையின் பொருள் தெரிந்தவருக்கே தெரியும்.

மேல்வகுப்பு மாணவருக்கு விடைவகை கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நூலிலுள்ள பழைய உதாரணங்களை ஒருபுறம் வைத்து, மாணவரைத் தத்தம் வீட்டு முதியோரிடம் அனுப்புங்கள். கடந்த ஆண்டிலே தடக்கினீர்களா, வழுக்கினீர்களா, நிற்கும்போதும் நடக்கும்போதும் நிலை தளர்வதுண்டா, விழுவோம் என்ற கவலை உண்டா என்று கேட்டு, வந்த விடைகளைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வரட்டும். அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதாரத் துறையும் வைத்தியர்களைக் கேட்கச் சொல்வது ஏறத்தாழ இம்மூன்று வினாக்களையே. வந்தவற்றை எட்டாகப் பிரித்தால் இலக்கணப் பாடம் முடியும். பிரித்த தாள்களை ஊர் வைத்தியரிடம் கொடுத்தால் அவருக்கும் ஒரு பாடம் தொடங்கும். வைத்தியசாலையாரிடம் கேட்பது இன்னும் சிறிது: அடுத்த முறை வினாத்தாள் அச்சிடும்போது, கட்டங்களின் கீழே நோயாளி சொன்ன சொல்லை எழுத இரண்டங்குல வெற்றிடம் விடுக. அச்சுக்கூடத்தார் வெற்றிடத்துக்குக் கூலி கேட்பதில்லை.